இசைத்தட்டும் தராசுத்தட்டும்

எந்த வகை இசை அதிகம் விற்கிறது? இந்தக் கேள்விக்கு எண்கள் உடனே பதில் சொல்லிவிடும். எதை எண்ணினார்கள், எங்கே எண்ணினார்கள் என்று கேட்ட பிறகுதான் அந்தப் பதிலுக்குப் பொருள் கிடைக்கும்.

2016ஆம் ஆண்டின் கடைசி மாதத்தில் உலகப் பத்திரிகைகளில் ஒரு செய்தி சுற்றியது. டிரேக்கும் பியான்சேயும் பெரிய ஆல்பங்களை வெளியிட்ட ஆண்டு அது. ஆனாலும் அந்த ஆண்டு அதிக சிடி விற்றவர் மொசார்ட் என்றது செய்தி. 1791இல் வியன்னாவில் 35 வயதில் இறந்துபோன அதே மொசார்ட்தான். அவருடைய 225ஆம் நினைவாண்டை ஒட்டி வந்த தொகுப்பு ஐந்தே வாரத்தில் 12.5 லட்சம் சிடி விற்றிருந்தது. மேற்கத்திய சாஸ்திரிய இசைக்கு ஆளே இல்லை என்று கவலைப்பட்டவர்களுக்கு அது காதில் தேன் பாய்ந்த செய்தி. கணக்கைப் பிரித்துப் பார்த்தால் வேறு காட்சி தெரிகிறது. அந்தத் தொகுப்பு ஒரு பெட்டி. ஒவ்வொரு பெட்டியிலும் 200 சிடிகள். விற்ற பெட்டிகள் 6,250. இதை 200ஆல் பெருக்கினால் 12,50,000. வாழை மண்டியில் ஒருவர் தார்க்கணக்கும் இன்னொருவர் காய்க்கணக்கும் சொன்னால் யார் அதிகம் விற்றார் என்று நாம் தீர்ப்புச் சொல்லமாட்டோம். இசையில் மட்டும் அந்தத் தீர்ப்பை ஆண்டுதோறும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

வகைக்கு வகை விற்பனை மாறுபடுவது இயல்புதான். சினிமாப் பாட்டு விற்கும் அளவுக்கு வீணைக் கச்சேரி விற்காது. ஆனால் எவ்வளவு மாறுபடுகிறது என்று சொல்லும் எண், கேட்பவரின் காதிலிருந்து நேராக நம்மிடம் வந்து சேர்வதில்லை. கடைக்காரரின் கை, பார்கோடு, சங்கத்தின் விதி, செயலியின் கணக்கு என்று பல இடம் மாறி வருகிறது. எந்த இசையின் ரசிகர்கள் வாங்கும் விதமும் கேட்கும் விதமும் எண்ணும் விதத்தோடு ஒத்துப்போகின்றனவோ, அந்த இசை இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும்; ஒத்துப்போகாதது சிறுத்துத் தெரியும். அந்த எண்ணை நம்பித்தான் நிறுவனங்கள் முதல் போடுகின்றன, வானொலிகள் நேரம் ஒதுக்குகின்றன, கடைகள் அலமாரியில் இடம் தருகின்றன. அளவுகோலில் இருக்கும் கோணல் நாளடைவில் சந்தையிலேயே ஏறிவிடுகிறது. விற்பனைக் கணக்கைக் கவனமாகப் படிக்க வேண்டிய தேவை இதனால்தான் எழுகிறது.

ஒரே வாரத்தில் மாறிய பட்டியல்

இதற்குத் தெளிவான சான்று 1991 மே மாதம் அமெரிக்காவில் கிடைத்தது. அதுவரை பில்போர்டு பத்திரிகையின் ஆல்பம் பட்டியல் பெரும்பாலும் வாய்க்கணக்கில் ஓடியது. பத்திரிகையிலிருந்து கடைகளுக்குத் தொலைபேசி செய்து, இந்த வாரம் எது நன்றாகப் போகிறது என்று கேட்பார்கள். கடைக்காரர் எண்ணிக்கை சொல்லமாட்டார். முதலாவது இது, இரண்டாவது இது என்று வரிசை சொல்வார். அவர் சொல்வதில் அவருடைய ரசனையும் கலந்திருக்கும், இசை நிறுவனத்தின் ஆள் கொடுத்துவிட்டுப் போன இலவசத் தட்டுகளின் நன்றியும் கலந்திருக்கும். 1991 மே 25 தேதியிட்ட இதழிலிருந்து இந்த முறை மாறியது. சவுண்ட்ஸ்கேன் என்ற நிறுவனம், கல்லாவில் பார்கோடு படிக்கும் கருவியிலிருந்தே விற்பனை எண்ணிக்கையை எடுத்துக் கொடுக்கத் தொடங்கியது.

முறை மாறியதும் கன்ட்ரி, ராப், ஹெவி மெட்டல் வகைகளைச் சேர்ந்த ஆல்பங்கள் பட்டியலில் மளமளவென மேலே ஏறின. ஜூன் மாதம் என்.டபிள்யூ.ஏ. என்ற ராப் குழுவின் ஆல்பம், வானொலியின் ஆதரவு ஏறக்குறைய இல்லாமலே முதலிடத்துக்கு வந்தது. செப்டம்பரில் கார்த் புரூக்ஸின் 'ரோப்பின் தி விண்ட்', வெளிவந்த முதல் வாரத்திலேயே முதலிடம் பிடித்தது. ஒரு கன்ட்ரி ஆல்பம் அப்படி நுழைந்தது அதுவே முதல் முறை. அமெரிக்கர்களின் காது ஒரே வாரத்தில் மாறிவிடவில்லை. நகரத்து இசைக் கடையில் நின்றவர்கள் கன்ட்ரியைப் பட்டிக்காட்டுப் பாட்டு என்று கருதினார்கள்; அதை வாங்கியவர்களோ ஊர்ப்புறத்து வால்மார்ட், கேமார்ட் கடைகளில் சோப்பும் சட்டையும் வாங்கும்போது சேர்த்து வாங்கினார்கள். பழைய தராசில் அந்தக் கடைகளுக்கு எடை குறைவாக இருந்தது. அத்தனை ஆண்டுகளாக நாட்டின் ரசனை என்று அச்சானதில் கடை ஊழியர்களின் ரசனையும் பெருமளவு கலந்திருந்தது.

பார்கோடு வந்ததும் பிழை தீர்ந்துவிட்டது என்று சொல்வதற்கும் இல்லை. கிறிஸ்தவ பக்தி இசையை அமெரிக்கர்கள் பெரிதும் வாங்கியது கிறிஸ்தவப் புத்தகக் கடைகளில். அந்தக் கடைகள் சவுண்ட்ஸ்கேன் கணக்குக்குள் வந்தது 1995இல்தான். இன்னொரு பக்கம், டூ ஷார்ட், இ-40 போன்ற ராப் கலைஞர்கள் தங்கள் கேசட்டுகளைக் காரின் டிக்கியில் வைத்துத் தெருத்தெருவாக விற்று வளர்ந்தவர்கள். அந்த டிக்கியில் பார்கோடு கருவி ஏது? கருவி எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், தான் இருக்கும் இடத்தை மட்டும்தான் அது அறியும்.

எது ஒன்று?

எங்கே எண்ணுவது என்பதற்கு அடுத்து, எதை ஒன்று என்று வைப்பது என்ற சிக்கல் வருகிறது. அமெரிக்க ஒலிப்பதிவுத் துறைச் சங்கமான ஆர்.ஐ.ஏ.ஏ. 1958 முதல் தங்கச் சான்றும் 1976 முதல் பிளாட்டினச் சான்றும் வழங்கிவருகிறது. இன்று 5 லட்சம் பிரதிக்குத் தங்கம், 10 லட்சத்துக்கு பிளாட்டினம். கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் இரட்டைத் தட்டாக வந்த ஆல்பம் பல நேரம் இரண்டாக எண்ணப்படும். பிங்க் ஃபிளாய்டின் 'தி வால்' 23 பிளாட்டினம் பெற்றது என்றால் 2.3 கோடிப் பேர் வாங்கினார்கள் என்று பொருளில்லை, சுமார் 1.15 கோடி பிரதிகள் என்று பொருள். மொசார்ட் பெட்டியில் நடந்ததும் இதேதான். ஸ்பானிய மொழி இசைக்கு அதே சங்கம் தனியே வைத்திருக்கும் வரிசையில் 60,000 பிரதிக்கே பிளாட்டினம் கிடைத்துவிடும். பிரிட்டனில் ஒரு ஆல்பத்தின் பிளாட்டினம் 3 லட்சம். மூன்றுக்கும் பெயர் ஒன்று. எடைக்கல் வேறு வேறு.

இந்தச் சான்று தானாக வருவதும் இல்லை. நிறுவனம் விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, கணக்குப் புத்தகத்தைத் தணிக்கைக்குத் திறந்து காட்ட வேண்டும். 1960களில் கறுப்பினக் கலைஞர்களின் பாடல்களை அடுத்தடுத்து ஹிட் ஆக்கிய மோட்டவுன் நிறுவனம் 1970களின் பிற்பகுதி வரை அந்தச் சான்றைக் கேட்டுப் போகவில்லை. அந்தக் காலத்துத் தங்கத் தட்டுகளின் பட்டியலை மட்டும் வைத்து, ராக் எவ்வளவு விற்றது, சோல் எவ்வளவு விற்றது என்று ஒருவர் ஆராயப் புகுந்தால் என்ன ஆகும்? பட்டியல் முழுக்க உண்மையாக இருக்கும், முடிவு முழுக்கத் தவறாக இருக்கும்.

ஸ்ட்ரீமிங் காலத்தில் எதை ஒன்று என்பது என்ற சிக்கல் இன்னும் கூர்மையாகிவிட்டது. ஒருவர் பாட்டைத் தட்டிவிட்டு 30 வினாடி கேட்டால் ஸ்பாட்டிஃபையில் ஒரு கணக்கு. மூன்று நிமிடப் பாட்டும் ஒன்றுதான், ஒரு மணி நேரத் தோடி ராகம் தானம் பல்லவி ஒரே கோப்பாக இருந்தால் அதுவும் ஒன்றுதான். ஒரே மாலையில் ஒருவர் மூன்று நிமிடப் பாட்டுகளாக இருபது கேட்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் அந்தப் பல்லவியை ஆலாபனை முதல் தனி ஆவர்த்தனம் வரை கண்மூடிக் கேட்கிறார். இருவரும் கொடுத்த நேரம் ஒன்று, கட்டிய சந்தா ஒன்று. பதிவேட்டிலோ இருபதுக்கு ஒன்று. இது வெறும் மரியாதைக் கணக்காக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். பெரும்பாலான சேவைகளில் சந்தாப் பணம் ஒரே குடத்தில் கொட்டப்பட்டு, மொத்த எண்ணிக்கையில் யாருக்கு எத்தனை பங்கு என்று பார்த்துப் பிரிக்கப்படுகிறது. அதனால் பல்லவி கேட்டவர் கட்டிய சந்தாவிலும் பெரும்பகுதி அவர் கேட்காத பாட்டுகளுக்குப் போய்ச் சேர்கிறது. அவரவர் பணம் அவரவர் கேட்ட கலைஞருக்கே போகட்டும் என்ற மாற்று முறையை சவுண்ட்கிளவுட் என்ற சேவை 2021இல் ஒரு பகுதிக் கலைஞர்களுக்காகத் தொடங்கியது. பங்கு பிரிப்பது இயற்கை விதி இல்லை, மனிதர்கள் போட்ட விதிதான் என்பதற்கு அதுவே சாட்சி.

இதே குழப்பம் ஆல்பம் பட்டியலிலும் உண்டு. பில்போர்டு 2018இல் வகுத்த விதிப்படி, சந்தா கட்டியவர்கள் 1,250 முறை கேட்டால் ஒரு ஆல்பம் விற்றதற்குச் சமம் என்று இருந்தது. விளம்பரத்தோடு இலவசமாகக் கேட்பவர்கள் என்றால் 3,750 முறை. இலவசமாகக் கேட்கும் மாணவரின் காது, சந்தா கட்டுபவரின் காதில் மூன்றில் ஒரு பங்குதான் எடை பெற்றது. வருமானத்தை அளக்க அது நியாயமான விதியாக இருக்கலாம். எந்த இசையை மக்கள் விரும்புகிறார்கள் என்று அறிய அது உதவாது. 2017இல் ரிதம் அண்ட் ப்ளூஸும் ஹிப்-ஹாப்பும் சேர்ந்த வகை அமெரிக்காவில் ராக்கை முதன்முறையாக முந்தியது என்று நீல்சன் நிறுவனம் அறிவித்தது. அந்த ஆண்டின் முதல் பாதியின் மொத்த நுகர்வில் முந்தியதற்கு ஏறக்குறைய 25 சதவீதம், ராக்குக்கு 23. அதே ஆண்டில் முழு ஆல்பமாக விற்றதை மட்டும் பார்த்தால் ராக்தான் முன்னால் நின்றது. அட்டவணையில் ஒரு பத்தி தள்ளிப் பார்த்தால் வெற்றியாளர் மாறிவிடுகிறார்.

பதிவேட்டில் ஏறாத பாட்டுகள்

இந்த விஷயம் தமிழ்நாட்டுக்கு மிக நெருக்கமானது. 1980களில் எந்தச் சிற்றூர்க் கடைத்தெருவிலும் ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. கோடு போட்ட தாளில் பாட்டின் முதல் வரிகளை வரிசையாக எழுதி, அறுபது நிமிடமோ தொண்ணூறு நிமிடமோ ஓடும் வெற்றுக் கேசட்டோடு கொடுத்தால், இரண்டு நாள் கழித்துப் பதிந்து தருவார்கள். 'ஏ' பக்கத்தின் கடைசிப் பாட்டு இடம் போதாமல் பாதியில் நின்றிருக்கும். அட்டையின் உள்பக்கத்தில் சிவப்பு மையில் படப் பெயரும் பாட்டும் எழுதியிருக்கும். இளையராஜாவின் இசை ஊர் ஊராகப் பரவிய வழிகளில் இது முக்கியமானது. இந்தக் கேசட்டில் விற்றது எது? நிறுவனக் கணக்கில் ஒரு பாட்டும் விற்கவில்லை. வெற்றுக் கேசட் ஒன்றுதான் விற்றது. அந்தக் காலத்துப் பாட்டு இத்தனை பிரதி விற்றது, இந்தக் காலத்துப் பாட்டு இத்தனை கோடிப் பார்வை பெற்றது என்று ரசிகர்கள் மோதிக்கொள்ளும்போது அந்தச் சிவப்பு மைப் பட்டியல்கள் யார் கணக்கிலும் வருவதில்லை. 'ரௌடி பேபி' என்ற சினிமாப் பாட்டு 2020 நவம்பரில் யூடியூபில் 100 கோடிப் பார்வைகளைத் தாண்டியது பெருமைக்குரிய செய்தி. ஆனால் ஒவ்வொரு தட்டலும் பதிவாகும் காலத்தை, ஒன்றுமே பதிவாகாத காலத்தோடு ஒப்பிட எந்த வாய்ப்பாடும் கிடையாது.

விற்கும் ஏற்பாடு மாறினால் எந்த வகை வெளிச்சத்துக்கு வரும் என்பதையும் கேசட்டே காட்டியது. எச்.எம்.வி. என்ற ஒரே பெரிய நிறுவனத்தின் கையில் நெடுங்காலம் இருந்த இந்திய இசைச் சந்தையைக் கேசட் எப்படி உடைத்தது என்று அமெரிக்க இசை ஆய்வாளர் பீட்டர் மானுவல் 1993இல் வெளியான 'கேசட் கல்ச்சர்' நூலில் வட இந்தியாவை வைத்து விளக்கினார். குறைந்த முதலில் பதியலாம், சிறிய ஊருக்கு மட்டும் விற்கலாம் என்றானதும் வட்டார நாட்டார் பாட்டும் பக்திப் பாட்டும் சந்தைக்குள் பெருக்கெடுத்தன. அதற்கு முன் அவை விற்காதவை என்றே கருதப்பட்டிருந்தன. கடைக்கு வராத சரக்குக்கு விற்பனைக் கணக்கு எப்படி இருக்கும்?

ஒரு பிரதிக்கு எத்தனை காது என்பதும் வகைக்கு வகை வேறு. ஆடி மாதம் மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கியில் எல்.ஆர். ஈஸ்வரி பாடும் ஒரு கேசட், தெரு முழுவதற்கும் கேட்கிறது. எம்.எஸ். சுப்புலட்சுமியின் வெங்கடேச சுப்ரபாதம் ஒரு வீட்டில் ஒரு முறை வாங்கப்பட்டு, பல்லாண்டுகள் விடியற்காலையில் ஒலிக்கிறது. ஒரு கோடைக்குப் பரபரப்பாகி, பள்ளி திறப்பதற்குள் மறக்கப்படும் பாட்டின் கேசட்டும் கணக்கில் ஒன்று, இதுவும் ஒன்று. வாங்கிய நாளோடு விற்பனை எண்ணின் வேலை முடிந்துவிடுகிறது. பக்தி இசைக்கு வாழ்வு தொடங்குவதே அந்த நாளில்தான்.

பெட்டியின் மேல் ஒட்டிய பெயர்

எண்ணிக்கை எல்லாம் சரியாகவே இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், எந்தப் பாட்டு எந்த வகை என்று யார் முடிவு செய்கிறார்கள்? 2019 மார்ச்சில் லில் நாஸ் எக்ஸ் என்ற இளைஞரின் 'ஓல்டு டவுன் ரோடு' பாட்டைப் பில்போர்டு தன் கன்ட்ரி பட்டியலிலிருந்து நீக்கியது. அதே பாட்டு பொதுப் பட்டியலில் 19 வாரம் முதலிடத்தில் இருந்தது. அந்த விற்பனையைக் கன்ட்ரியில் சேர்த்தால் அந்த வகையின் படமே மாறும். ராப்பில் சேர்த்தால் அதன் படம் மாறும். நம் நாட்டிலோ முதல் கோடே வேறு இடத்தில் கிழிக்கப்படுகிறது: சினிமா, சினிமா அல்லாதது. பாட்டு எந்த ஊடகத்துக்காகப் பிறந்தது என்பதைத்தான் இது சொல்கிறது. எப்படிப்பட்ட இசை என்பதைச் சொல்வதில்லை. 1985இல் வந்த 'சிந்து பைரவி' படத்துக்காக இளையராஜா தியாகராஜரின் 'மரி மரி நின்னே' கீர்த்தனையைச் சாரமதி ராகத்தில் அமைத்தார், ஜேசுதாஸ் பாடினார். அது விற்ற ஒவ்வொரு கேசட்டும் சினிமா இசைக் கணக்கில்தான் ஏறும். நாட்டுப்புற மெட்டு, கானா, ராப், கஜல், கவ்வாலி எல்லாம் அதே மூட்டைக்குள் கிடக்கின்றன. இந்தியர்கள் சினிமா இசையைத்தான் கேட்கிறார்கள் என்ற வாக்கியம் உண்மை. இந்தியர்கள் ஒரே வகை இசையைத்தான் கேட்கிறார்கள் என்று அதற்குப் பொருள் கொண்டால் பொய்.

கூட்டத்தைப் பார்த்துச் சேரும் கூட்டம்

இத்தனை கோணல்கள் இருந்தால்தான் என்ன, கேட்பவர் தனக்குப் பிடித்ததைத்தானே கேட்கப்போகிறார் என்று கேட்கலாம். அதைச் சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். மேத்யூ சால்கனிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் ஆகிய மூவர் 2006இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு அது. பெயர் தெரியாத குழுக்களின் 48 பாடல்களை இணையத்தில் வைத்து, 14,341 பேரைக் கேட்க வைத்தார்கள். ஒரு பகுதியினருக்குப் பாட்டு மட்டும் தெரியும். மற்றவர்களை எட்டுத் தனி உலகங்களாகப் பிரித்து, அந்தந்த உலகத்தில் எந்தப் பாட்டை எத்தனை பேர் இறக்கிக்கொண்டார்கள் என்ற எண்ணையும் காட்டினார்கள். எண் தெரிந்த உலகங்களில் ஹிட்டுகளுக்கும் மற்றவற்றுக்கும் இருந்த இடைவெளி பெருகியது. அது மட்டுமல்ல, எந்தப் பாட்டு ஹிட் ஆகும் என்பதே உலகத்துக்கு உலகம் மாறியது. மிக நல்ல பாட்டுகள் அடிமட்டத்துக்குப் போனது அரிது, மிக மோசமானவை உச்சிக்கு வந்ததும் அரிது. இடைப்பட்ட பெரும்பாலானவற்றின் விதியை எழுதியதில் முதலில் வந்தவர்கள் விட்டுச்சென்ற எண்ணுக்குப் பெரும் பங்கு இருந்தது. பூக்கடை வரிசையில் கூட்டம் நிற்கும் கடையில்தான் புதிதாக வருபவரும் நிற்பார். தனிமனிதருக்கு அது விவேகமான முடிவுதான். ஆனால் முதல் கூட்டத்தை எண்ணியதே கோணலான தராசு என்றால், அந்தக் கோணல் வட்டி போட்டு வளர்கிறது.

எண்ணே வேண்டாமா?

இதெல்லாம் விற்காத இசையின் ரசிகர்கள் சொல்லும் சமாதானம் என்று ஒரு மறுப்பு வரும். அதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. மேலே சொன்ன எல்லாத் திருத்தங்களையும் செய்தாலும் மேற்கத்திய சாஸ்திரிய இசையோ கர்நாடக இசையோ வெகுஜன இசையின் விற்பனையைத் தொடாது. 2010 ஜனவரியில் வயலின் கலைஞர் ஹிலரி ஹானின் ஆல்பம் பில்போர்டின் சாஸ்திரிய இசைப் பட்டியலில் முதலிடம் பெற்றபோது, அந்த வாரம் அது விற்றது ஏறக்குறைய ஆயிரம் பிரதி. தேசியத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வாசித்த பிறகும் அவ்வளவுதான். முதலிடம் என்ற சொல் அங்கே சிறிய கூட்டத்தைப் பெரிதாக்கிக் காட்டியது. கோணலான தராசு பலவீனமானவர்களை மட்டும் இளைத்துக் காட்டும் என்பதில்லை. மொசார்ட் பெட்டியைப் போல அவர்களைக் கொழுக்கவும் வைக்கும். அந்தப் பொய்யான ஆறுதலையும் மறுத்துவிட்டால்தான் இந்த வாதம் நேர்மையானது.

இன்னொரு மறுப்பு: எண்ணை விட்டால் எதை நம்புவது, விமர்சகரின் ரசனையையா? அந்த அச்சமும் சரியானதே. 1991க்கு முந்தைய பட்டியலைக் கெடுத்ததே எண்ணாமல் சொன்ன ரசனைதான். கன்ட்ரிக்கும் ராப்புக்கும் நீதி வழங்கியது எண்தான். அதனால் எண்ணைத் தூக்கி எறியச் சொல்வது அநீதிக்குக் கதவு திறப்பதாகும். எண்ணோடு அதன் அலகையும் சேர்த்து அச்சிடச் சொல்வதே முறை. இத்தனை பிரதியா, இத்தனை பெட்டியா. கடைக்கு அனுப்பியதா, கல்லாவில் விற்றதா. எத்தனை மணி நேரம் கேட்டார்கள். எத்தனை ஆண்டுகளாக விற்கிறது? கடைசிக் கேள்விக்கு ஜாஸ் உதாரணம். மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' வெளியானது 1959இல். அது 50 லட்சம் என்ற அளவுக்குச் சான்று பெற்றது 2019இல், அறுபது ஆண்டுகள் கழித்து. வாரப் பட்டியல் மட்டுமே அளவுகோல் என்றால் அப்படி ஒரு தட்டு விற்றதை எந்த வாரமும் நமக்குச் சொல்லியிருக்காது. போலந்து இசையமைப்பாளர் கோரெட்ஸ்கியின் மூன்றாம் சிம்ஃபனி 1977இல் அரங்கேறியது. 1992இல் வந்த ஓர் ஒலிப்பதிவு பத்து லட்சத்துக்கும் மேல் விற்று, பிரிட்டனின் பாப் ஆல்பம் பட்டியலில் ஆறாம் இடம்வரை போனது. நடுவில் இருந்த பதினைந்து ஆண்டுகளில் யாராவது விற்பனை எண்ணைப் பார்த்து அந்த இசைக்கு ஆள் இல்லை என்று முடிவு கட்டியிருந்தால், அந்தப் பத்து லட்சம் பேருக்கு அது கிடைத்தே இருக்காது.

அந்த மொசார்ட் பெட்டியை இப்போது சரியான அலகில் எண்ணிப் பார்க்கலாம். அதில் இருப்பது 240 மணி நேர இசை. நாளுக்கு இரண்டு மணி நேரம் கேட்டாலும் முடிக்க நான்கு மாதம் ஆகும். பாட்டுக்கு 30 வினாடி பொறுமை போதும் என்று கணக்கு வைக்கும் காலத்தில், 6,250 பெட்டிகள் ஐந்து வாரத்துக்குள் யார் வீட்டுக்கோ போய்ச் சேர்ந்திருக்கின்றன. ஒருவர் நான்கு மாதத்தை ஒதுக்கத் துணிந்தார் என்பதற்கு ஒவ்வொரு பெட்டியும் அத்தாட்சி. 12.5 லட்சம் என்ற எண்ணில் அந்த மனிதர் தெரிவதில்லை. 6,250 என்று சொல்லும்போது தெரிகிறார்.